பட்டத்தின் விலையை ஆண்டுக் கணக்கில் சொல்லுங்கள்

குளுவாங், ரெங்கம், லாயாங்-லாயாங், பாலோ வட்டாரப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கும் ஆலய நிர்வாகங்களுக்கும் இளைஞர் மன்றங்களுக்கும்,

வணக்கம்.

எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவப் பொதுத் தேர்வு) முடிவு வந்த கையோடு நீங்கள் நடத்தும் மேற்கல்வி வழிகாட்டி நிகழ்ச்சிகளில் ஆயுதப்படைக்கும் ஒரு மேசை போடுகிறீர்கள். நல்ல காரியம். நம் பிள்ளைகள் இராணுவம் பக்கம் திரும்பியே பார்ப்பதில்லை என்பது பழைய குறை. கெம் மக்கோத்தா இராணுவ முகாமின் ஹெலிகாப்டர்கள் தலைக்கு மேலே பறக்கிற ஊரில் அந்தக் குறை இன்னும் கொஞ்சம் உறுத்தும். ஆனால் மேசையில் பேசப்படுவது மூன்றே செய்திகள்தான்: செலவில்லாத பட்டம், படிக்கும்போதே மாதப் படித்தொகை, முடித்ததும் வேலை. எத்தனை ஆண்டு கட்டாயச் சேவை, பாதியில் விட்டால் எவ்வளவு கட்ட வேண்டும், கட்டப்போவது யார் என்ற நான்காவது செய்தி யார் வாயிலும் வருவதில்லை. இந்த மடல் அதைப் பற்றியது. இராணுவத்துக்குப் போகாதீர்கள் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. போகிறவர் விலை தெரிந்து போகட்டும்.

முதலில் ஒரு வேறுபாடு. பொதுச் சேவைத் துறையான ஜே.பி.ஏ. கொடுக்கும் உபகாரச் சம்பளத்துக்கும் சேவை ஒப்பந்தம் உண்டு. அதை மீறுகிறவர் பணத்தைக் கட்டிவிட்டு வெளியேறலாம். கஷ்டமான வழிதான், ஆனாலும் வழி இருக்கிறது. சீருடை போட்டவருக்கு அந்த வழி அவ்வளவு சுலபமில்லை. அவர் மீது ஒப்பந்தத்தோடு சேர்த்து 1972ஆம் ஆண்டு ஆயுதப்படைச் சட்டமும் பாய்கிறது. அனுமதியில்லாமல் முகாமுக்குத் திரும்பாவிட்டால் அது கடன் பாக்கியாக நிற்காது, குற்றமாகும். இராணுவ நீதிமன்றம் வரை போகும். அதிகாரி பதவி விலகுவதாக எழுதிக்கொடுத்தாலும், மேலிடம் ஏற்றுக்கொண்டால்தான் விலகல். ஆகவே "பிடிக்காவிட்டால் பணத்தைக் கட்டிவிட்டு வந்துவிடலாம் தம்பி" என்று மேடையில் ஆறுதல் சொல்லும் அண்ணன்மார் அந்த வாக்கியத்தைத் தயவுசெய்து நிறுத்த வேண்டும்.

எந்த வாசல் எது என்பதையும் ஒரே மேசையில் போட்டுக் குழப்புகிறோம். மக்தாப் தெந்தெரா டிராஜா, நான்காம் படிவத்தில் சேரும் உறைவிடப் பள்ளி. யு.பி.என்.எம். எனப்படும் தேசியத் தற்காப்புப் பல்கலைக்கழகம், 1995இல் இராணுவக் கழகமாகத் தொடங்கி 2006இல் பல்கலைக்கழகமானது. சுங்கை பெசி முகாமில் இருக்கிறது. அங்கே பயிற்சி அதிகாரியாகச் சேர்கிறவர் பட்டத்தோடு அதிகாரிப் பொறுப்பும் பெற்று நேராகப் படைக்குப் போகிறார். சேவை ஒப்பந்தம் முழு எடையோடு வருவது இந்த வாசலில்தான். பாலாப்பெஸ் வேறு. பொதுப் பல்கலைக்கழகத்தில் சாதாரண மாணவராகப் படித்துக்கொண்டே பயிற்சி எடுத்து, கடைசியில் அஸ்கார் வத்தானியா சேமப் படையில் லெப்டினன் மூடா, அதாவது இளநிலை அதிகாரி, ஆவது. முழுநேர இராணுவச் சேவைக்கு அது யாரையும் கட்டிப்போடுவதில்லை. சீருடை மேல் ஆசை இருக்கிறது, பத்தாண்டு தாங்குமா தெரியவில்லை என்கிற பிள்ளைக்கு நாங்கள் முதலில் காட்டுவது பாலாப்பெஸைத்தான். உங்கள் நிகழ்ச்சிகளில் இதன் பெயர் ஏன் அடிபடுவதில்லை என்று தெரியவில்லை. நான்காவது வாசல் சாதாரணப் படைவீரராகச் சேர்வது. போர்ட் டிக்சனில் அடிப்படைப் பயிற்சி, பிறகு பிரிவு, பிறகு பணியிலிருந்தபடியே படிப்பு.

இனிக் கணக்கு. செலவில்லாத பட்டம் என்றால், எந்தச் செலவு மிச்சம்? பொதுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கக்கூடிய பிள்ளைக்கு மாற்று வழி பி.டி.பி.டி.என். எனப்படும் தேசிய உயர்கல்வி நிதிக் கழகத்தின் கடன். மொத்தக் கடன் 30,000 வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 1 விழுக்காடு சேவைக் கட்டணம், பத்தாண்டுத் தவணை என்றால் எளிய கணக்கில் 33,000 வெள்ளி, மாதம் 275. முதல் வகுப்பில் தேறி, அதற்குரிய நிபந்தனைகளும் பொருந்தினால் கடனைத் திருப்பிக் கட்டுவதிலிருந்து விலக்குக் கேட்கலாம். ஆக, கடனை மட்டும் பார்த்தால் இந்தப் பிள்ளை மாதம் 275 வெள்ளியை மிச்சப்படுத்த பத்தாண்டுச் சேவையைக் கொடுக்கிறான். அதற்கு மேல் அவனுக்குக் கிடைப்பது படித்தொகை, உறுதியான வேலை, ஒரு தொழில் வாழ்க்கை. இவற்றுக்காகப் போகிறான் என்றால் தாராளமாகப் போகட்டும். கடனுக்குப் பயந்து மட்டும் போகிறான் என்றால் விலை அதிகம். தனியார் கல்லூரியில் கட்டணம் கட்டித்தான் மருத்துவமோ பொறியியலோ படிக்க முடியும் என்கிற பிள்ளைக்குக் கணக்கு தலைகீழாகும். அங்கே மிச்சமாகும் தொகை பெரியது, அதே பத்தாண்டு மலிவாகத் தெரியும். ஒவ்வொரு பிள்ளைக்கும் இந்தக் கணக்கைத் தனித்தனியாகத்தான் போட முடியும். மண்டபத்தில் இருநூறு பேருக்கு ஒரே விடை சொல்ல முடியாது.

பத்தாண்டு என்று நாங்கள் எழுதுவது எடுத்துக்காட்டுக்கு மட்டும். உண்மையான எண் ஒப்பந்தத்தில் இருக்கும். துறைக்குத் துறை, பயிற்சிக்குப் பயிற்சி மாறும். விமானி, மருத்துவர் போலப் பயிற்சிச் செலவு மிகுந்த துறைகளில் எண் பெரிதாக இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். எண்ணைவிட முக்கியம் அது எந்த நாளிலிருந்து ஓடத் தொடங்குகிறது என்பது. சேர்ந்த நாளிலிருந்தா, பட்டம் பெற்ற நாளிலிருந்தா, அதிகாரிப் பொறுப்பேற்ற நாளிலிருந்தா? நான்காண்டுப் படிப்பு சேவைக் காலத்தில் சேருமா, சேராதா? இந்த ஒரு வரியில் நான்கு வயது வித்தியாசம் வரும்.

ஒப்பந்தம் மலாய் மொழியில் இருக்கும். வாசிக்கும்போது நான்கு இடங்களில் விரலை வைத்து நிறுத்துங்கள். தெம்போ பெர்கிட்மத்தான் (சேவைக் காலம்) என்ற இடத்தில் மேலே சொன்ன தொடக்க நாள். கந்தி ருகி (இழப்பீடு) என்ற இடத்தில் தொகை: குறிப்பிட்ட எண்ணா, அல்லது செலவழித்ததெல்லாம் என்ற திறந்த வாசகமா என்று பாருங்கள். திறந்த வாசகம் என்றால் சாப்பாடு, உடை, பயிற்சி எல்லாம் கணக்கில் ஏறலாம். மூன்றாவது, பயிற்சியில் காயப்பட்டு மருத்துவக் காரணத்தால் நீக்கப்பட்டால் பணம் கட்ட வேண்டுமா, தேர்வில் தோற்றால் என்ன, ஒழுங்கு நடவடிக்கை என்றால் என்ன என்பது. இந்த மூன்றையும் தனித்தனியாகச் சொல்லாமல் 'நீக்கப்பட்டால்' என்று மட்டும் எழுதியிருந்தால் எழுத்தில் விளக்கம் கேளுங்கள். நான்காவது பென்ஜாமின், அதாவது பிணையாளர். அதற்குத் தனியாக வருகிறோம்.

பத்தில் ஏழாண்டு பணி செய்துவிட்டால் மீதி மூன்றாண்டுக்குரிய பணத்தை மட்டும் கட்டினால் போதும் என்று பலரும் தாங்களாக நினைத்துக்கொள்கிறார்கள். செய்த ஆண்டுகளுக்குத் தொகையில் கழிவு உண்டு என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால்தான் அந்த நம்பிக்கைக்கு ஆதாரம். எழுதாத கழிவை நம்பி யாரும் முடிவெடுக்க வேண்டாம்.

"கையெழுத்துப் போட்டபோது பையனுக்குப் பதினேழு வயது, அதனால் செல்லாது" என்று டீக்கடையில் சட்டம் பேசுகிறவர்களும் உண்டு. அவர்கள் பேசுவதற்கு ஒரு காலத்தில் அடிப்படை இருந்தது. 1971இல் ஒரு பயிற்சி ஆசிரியர் வழக்கில், வயது நிரம்பாதவர் செய்த ஒப்பந்தம் செல்லாது, ஆனாலும் கல்வி அத்தியாவசியத் தேவை என்பதால் நியாயமான ஒரு தொகையைக் கட்ட வேண்டும் என்று தீர்ப்பானது. 1976இல் ஒப்பந்தச் சட்டத்தைத் திருத்தி அந்த ஓட்டையை அடைத்துவிட்டார்கள். வயது நிரம்பவில்லை என்ற காரணத்துக்காக உபகாரச் சம்பள ஒப்பந்தம் செல்லாமல் போகாது. பதினேழு வயதுக் கையெழுத்தும் கையெழுத்துதான்.

பிணையாளர் விஷயத்தில்தான் நம் வீடுகள் அதிகம் அடிபடும். ஒப்பந்தம் இரண்டு பேரைக் கேட்டால் அப்பா ஒருவர், இன்னொருவர் தாய்மாமனோ பக்கத்து லயத்து அண்ணனோ. மாமா மறுத்தால் அக்கா கல்யாணத்துக்கு வரமாட்டார் என்கிற அளவுக்கு இதை உறவுப் பிரச்சினையாக்கி வைத்திருக்கிறோம். அவரும் வாசிக்காமல் போட்டுவிடுகிறார். ஒப்பந்தத்தில் 'பெர்சாமா டான் பெராசிங்கான்' என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் மூன்று பேரும் சேர்ந்தும் கட்ட வேண்டும், தனித்தனியாகவும் முழுத் தொகைக்குப் பொறுப்பு. பையன் வெளியூர் போய்விட்டான், அப்பாவுக்கு முடியவில்லை என்றால், மாமாவிடம் மூன்றில் ஒரு பங்கு கேட்க மாட்டார்கள், முழுவதையும் கேட்கலாம். தொகை 100,000 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளி வாங்கும் தோட்டத் தொழிலாளிக்கு அது ஒரு காசும் செலவழிக்காத 59 மாதச் சம்பளம்.

இதில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது, பலருக்குத் தெரியாது. 2017இல் நடப்புக்கு வந்த நொடிப்புச் சட்டத் திருத்தத்தின்படி, லாப நோக்கமில்லாமல் ஒருவருடைய கல்விக் கடனுக்கோ உபகாரச் சம்பளத்துக்கோ பிணை நிற்பவர் சமூகப் பிணையாளர். அவரைத் திவால் ஆக்க முடியாது. ஆனால் அதோடு தப்பித்தாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். அவர் மீது வழக்குத் தொடுத்துத் தீர்ப்பு வாங்கலாம், சொத்தைப் பறிமுதல் செய்யக் கேட்கலாம். தோட்டத்தை விட்டு வந்து தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடு ஒன்றை முழுக்கக் கட்டி முடித்த மாமாவுக்கு, திவால் ஆகாமலேயே அந்த வீட்டைப் பற்றிய கவலை வந்துவிடும். படித்த பையனுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது, அவன் பிணையாளர் இல்லை, கடனாளி. கடன் 100,000 வெள்ளியை எட்டினால் அவனைத் திவாலாக்க மனுப் போடலாம்.

இதுவரை சொன்னது சேரும்போது போடும் கையெழுத்து. பணியில் சேர்ந்த பிறகு வரும் இரண்டாவது, மூன்றாவது கையெழுத்துகளைப் பற்றி யாருமே பேசுவதில்லை. டிப்ளோமா, முதுகலை, வெளிநாட்டுப் பயிற்சி என்று படிப்பு வாய்ப்பு வரும்போது அதற்கென்று கூடுதல் சேவை ஆண்டுகள் கேட்கப்படலாம். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: புதிய ஆண்டுகள் பழைய ஆண்டுகளோடு சேர்ந்து ஓடுமா, பழையது முடிந்த பிறகு ஓடுமா?

ஒரு எடுத்துக்காட்டு. 23 வயதில் அதிகாரியானவர், பத்தாண்டு ஒப்பந்தம், 33 வயதில் முடியும். 29 வயதில் இரண்டாண்டு முதுகலைக்குப் போகிறார், அதற்கு ஐந்தாண்டு கூடுதல் சேவை. 31 வயதில் திரும்புகிறார். படித்த காலமும் சேவையாகக் கணக்கிடப்பட்டு, இரண்டு ஒப்பந்தமும் ஒன்றாக ஓடினால் 36 வயதில் விடுதலை. படித்த காலம் கணக்கில் இல்லை, பழைய பாக்கி நான்காண்டு முடிந்த பிறகுதான் புதிய ஐந்து தொடங்கும் என்றால் 40 வயது. அதே பட்டம், அதே பல்கலைக்கழகம். நான்காண்டு வித்தியாசத்தை ஒரு வரி தீர்மானிக்கிறது. அந்த வரியை வாய்மொழியாகக் கேட்டுத் திருப்திப்படாதீர்கள். இன்றைக்குப் பதில் சொல்லும் அதிகாரி நாளைக்கு வேறு முகாமில் இருப்பார்.

சாதாரணப் படைவீரருக்கு இன்னொரு எண்ணும் உண்டு: 21. இத்தனை ஆண்டு பணி செய்தால்தான் ஓய்வூதியம் என்பது இவர்களுக்கான விதி. இருபதாண்டில் வெளியே வந்து ஓய்வூதியம் இல்லாமல் நிற்கும் முன்னாள் வீரர்கள் நம் வட்டாரத்திலும் இருக்கிறார்கள். அதனால் கூடுதல் சேவையை இந்த 21க்கு எதிரே நிறுத்திப் பாருங்கள். 19 வயதில் சேர்ந்தவர் 40 வயதில் 21 ஆண்டை முடிப்பார். 13ஆம் ஆண்டில் ஒரு படிப்பு, திரும்பியதும் ஐந்தாண்டு என்றால், ஓய்வூதியத்துக்காக எப்படியும் இருக்கப்போகிற காலத்துக்குள்ளேயே அது அடங்கிவிடும். அவருக்கு அந்தப் படிப்பின் விலை ஏறக்குறையச் சும்மா. உடனே விண்ணப்பிக்கச் சொல்லுவோம். அதே படிப்பை 18ஆம் ஆண்டில் எடுத்து ஓராண்டு கழித்துத் திரும்பினால் 43 வயது வரை இருக்க வேண்டும். வெளியே இரண்டாவது தொழில் தொடங்க நினைத்திருந்த மூன்றாண்டு போயிற்று. 12 ஆண்டில் விலகிவிடலாம் என்று மனத்தில் திட்டம் வைத்திருப்பவர் 11ஆம் ஆண்டில் கையெழுத்துப் போட்டால், போட்ட அன்றே திட்டத்தைக் கிழித்துவிட வேண்டியதுதான்.

பாதியில் விலகுகிறவர் கையில் என்ன இருக்கும் என்பதையும் பாருங்கள். சாதாரணப் படைவீரர் தம் சம்பளத்தில் 10 விழுக்காட்டை எல்.தி.ஏ.தி. எனப்படும் ஆயுதப்படை நிதி வாரியத்தில் போடுகிறார், அரசாங்கம் 15 விழுக்காடு போடுகிறது. ஓய்வூதியம் இல்லாமல் வெளியேறுகிறவருக்கு இரண்டு பங்கும் உண்டு. ஓய்வூதியம் பெறுகிறவருக்குத் தம் பங்கும் அதன் லாப ஈவும்தான். ஓய்வூதிய விதிகள் காலத்துக்குக் காலம் மாறுவதால், சேரும் நாளில் தமக்கு எந்தத் திட்டம் பொருந்தும் என்று ஒவ்வொருவரும் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

கைத்தொலைபேசியில் அமெரிக்க வீரர்களின் காணொளிகளைப் பார்த்துவிட்டு "அங்கே மாதிரிதானே அண்ணே" என்று கேட்கும் பிள்ளைகளுக்காக ஒரு பத்தி. அங்கே 1944 முதல் இருக்கும் முறை, முதலில் சேவை, பிறகு படிப்பு. செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிந்தைய சட்டத்தின்படி முழுத் தகுதி பெற்றவருக்கு 36 மாதப் படிப்புக்கு உதவி. அதைத் தம் மனைவிக்கோ பிள்ளைக்கோ மாற்றிக் கொடுக்க விரும்பினால், ஆறாண்டு சேவை முடித்திருக்க வேண்டும், மேற்கொண்டு நான்காண்டு இருப்பதாக ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த நான்கை முடிக்காமல் போனால், பிள்ளை படித்து முடித்த பணத்தையும் திருப்பிக் கேட்கலாம். அவர் தம் உழைப்பில் சம்பாதித்த உரிமையைப் பிள்ளைக்கு நீட்டுகிறார். இங்கே பயிற்சி அதிகாரி முதலில் வாங்கிக்கொண்டு பிறகு உழைத்துத் தீர்க்கிறார். வாங்கிய நாளிலிருந்தே அவர் கடனாளி. அந்த நாட்டுக் காணொளியை வைத்து இந்த நாட்டு ஒப்பந்தத்தைப் புரிந்துகொள்ளக் கூடாது.

சான்றிதழ்களைப் பற்றியும் கேளுங்கள். வண்டிப் பட்டறையில் பத்தாண்டு வேலை செய்த வீரரிடம் படைக்குள் மட்டும் செல்லும் சான்றிதழ் இருந்தால், வெளியே வந்ததும் அவர் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கும். அதே பயிற்சி எஸ்.கே.எம். எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழின் மூன்றாம் நிலையாகப் பதிவாகியிருந்தால் பாசிர் கூடாங்கிலோ ஜொகூர் பாருவிலோ அதற்கு மதிப்பு உண்டு. பட்டமோ டிப்ளோமாவோ என்றால் எம்.கியூ.ஏ. எனப்படும் மலேசியக் கல்வித் தகுதி நிறுவனத்தின் பதிவேட்டில் அந்தப் படிப்பின் பெயரைத் தேடிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. அதில் இல்லாத படிப்புக்குக் கூடுதல் சேவை ஆண்டுகள் எழுதிக்கொடுப்பது எங்களுக்குப் புரியாத தியாகம்.

விண்ணப்பத்துக்கு முன் செய்ய வேண்டியது கொஞ்சம்தான், ஆனால் அதைச் செய்யாமல்தான் பலர் கடைசிக் கட்டத்தில் திரும்பி வருகிறார்கள். நிறக்குருடு சோதனையை ஊர்க் கண்ணாடிக் கடையிலேயே செய்துகொள்ளலாம். சிவப்பு பச்சை குழம்பும் பையனுக்கு அது தெரியாமலேயே பதினெட்டு வயது வரை ஓடியிருக்கும். 2.4 கிலோமீட்டர் ஓட்டத்தை விளம்பரம் வந்த வாரத்தில் தொடங்கிப் பயனில்லை, மூன்று மாதம் முன்பே தொடங்க வேண்டும். பச்சை குத்திய பிள்ளைகள் முதலிலேயே கேட்டுக்கொள்ளட்டும். சாப்பாடு, விரதம், தைப்பூச விடுப்பு பற்றிய அம்மாக்களின் கேள்விகளுக்கு முகாமில் இருப்பவர்களே நன்றாகப் பதில் சொல்வார்கள்.

சேர்ந்த பிறகு நடக்கும் ஒரு தவற்றையும் சொல்லிவிடுகிறோம். அரசாங்கச் சம்பளம் என்றதும் ஒன்பதாண்டு கார்க் கடன், அதன் மேல் அங்காசா (கூட்டுறவு அமைப்பு) வழிச் சம்பளப் பிடித்தத்தில் சொந்தக் கடன். சேவை ஒப்பந்தம் முடிந்து வெளியே வரும் உரிமை வந்த நாளில், கையில் வாங்கும் சம்பளத்தில் பாதி பிடித்தத்தில் போகிறவரால் எங்கே வர முடியும்? ஒப்பந்தம் முடியும் ஆண்டைத் தாண்டி நீளும் எந்தக் கடனும் ஒப்பந்தத்தை நீங்களே நீட்டிக்கொள்வது போலத்தான்.

உங்களிடம் நாங்கள் கேட்பது இவை. ஆயுதப்படை மேசையை அழைக்கும்போது, மாதிரி ஒப்பந்தத்தின் நகலையும் கொண்டுவரச் சொல்லிக் கடிதத்திலேயே கேளுங்கள். கிடைத்தால் நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் முன்பே பிரதி எடுத்துக் கொடுங்கள். கிடைக்காவிட்டால் கிடைக்கவில்லை என்பதை மேடையில் சொல்லுங்கள். ஊரில் வழக்கறிஞர் ஒருவரை ஒரு மாலை நேரம் வரவழைத்து, பிணையாளராகப் போகிறவர்களை மட்டும் உட்காரவைத்துப் பேசச் சொல்லுங்கள். பிள்ளைகளும் பெற்றோரும் வேண்டாம், அவர்கள் எதிரே மாமாக்கள் கேள்வி கேட்கக் கூச்சப்படுவார்கள். கையெழுத்தான பிறகு ஒப்பந்தத்தின் முழு நகல் ஒன்று பிணையாளர் வீட்டிலும் இருக்க வேண்டும். அவர் முகவரி மாறினால், பதிவுத் தபாலில் தெரிவித்து ரசீதை அந்த நகலோடு வைக்க வேண்டும். கோரிக்கைக் கடிதம் பழைய தோட்ட முகவரிக்குப் போய், லயம் இடிக்கப்பட்டு ஆளில்லாமல் திரும்பினாலும், ஒப்பந்தத்தில் உள்ள முகவரிக்கு அனுப்பியதே போதும் என்று வாதிடுவார்கள்.

இங்ஙனம்,
முன்னாள் படைவீரர்களும் கல்வி வழிகாட்டிகளும் சிலர்,
குளுவாங், ஜொகூர்